அப்பாவுக்கு நிஜமாகவே யாரும் வேண்டாமா?

கேள்வி

என் அப்பாவுக்கு 73 வயது. செல்லம்பட்டிக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். அவருக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவருடைய அம்மா இறந்துவிட்டார். எட்டு வயதில் சித்தப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகைக் கடையில் கொண்டுபோய் விட்டாராம். இருபது வருஷம் அங்கே இருந்துவிட்டு, ஊருக்கு வந்து சொந்தமாகக் கடை வைத்தார். நாங்கள் மூன்று பேர் படித்தது அந்தக் கடையால்தான். கடையில் எல்லாரிடமும் பேசுவார். வீட்டுக்குள் வந்தால் ஒரு வார்த்தை கிடையாது. எங்களைத் தூக்கிக் கொஞ்சியதாக ஞாபகமே இல்லை. விசேஷ வீடுகளுக்குப் போவார், மொய் எழுதுவார், சாப்பிடாமல் திரும்பிவிடுவார். சின்ன வயதில் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவரை யாரோ கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்கள் என்று அம்மா ஒருமுறை சொன்னார். அவர் வருஷம் தவறாமல் போய்வந்தது பழைய முதலாளி வீட்டுக்கு மட்டும்தான். அங்கிருந்த ஆச்சி இறந்த பிறகு அதுவும் நின்றுவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் அம்மா தவறிவிட்டார். இந்த வயதில் எதற்குக் கஷ்டம் என்று அண்ணன் கடையையும் மூடவைத்துவிட்டார். அதிலிருந்து அப்பா வெளியே வருவதே இல்லை. எந்நேரமும் டிவி அலறுகிறது. போன் செய்தால் "ம்... சரி, வை" அவ்வளவுதான். திருப்பூரில் இருக்கும் அண்ணன் கூப்பிட்டும் போகவில்லை. "மாமாவுக்கு மனுஷங்களே ஆகாது" என்கிறார் மதினி. நல்ல முதியோர் இல்லமாகப் பார்த்து விட்டுவிடலாமா? நானும் யாரோடும் ஒட்டாதவள்தான். எனக்கும் கடைசியில் இப்படித்தான் ஆகுமோ என்று பயமாக இருக்கிறது.

திருநகரில் இருந்து ஒரு மகள்

பதில்: முதியோர் மனநல ஆலோசகர், மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

மதினி சொல்வது போல உங்கள் அப்பாவுக்கு மனுஷங்களே ஆகாது என்றால், நாற்பது வருஷம் கிராமத்தில் மளிகைக் கடை நடத்தியிருக்க முடியாது. அந்தத் தொழிலில் சரக்கைவிட மனிதர்களைத்தான் அதிகம் தெரிந்திருக்க வேண்டும். யாருக்குக் கடன் எழுதலாம், யாருக்கு எழுதினால் திரும்பாது, எந்தப் பிள்ளையிடம் காசு கொடுத்தனுப்பினால் பாதி மிட்டாயாகிவிடும், எந்த வீட்டில் திடீரென்று சுக்கும் மிளகும் கேட்டு ஆள் வருகிறது. இதையெல்லாம் மனதில் வைத்திருந்தவர் அவர். ஊரில் பாதிப் பேருடைய அடுப்படி அவருக்குத் தெரியும்.

மனிதர்களோடு இருக்க அவருக்குத் தெரியும். ஆனால் நடுவில் ஒரு தராசு வேண்டும். தராசு இல்லாத இடத்தில், வீட்டில், பந்தியில், போனில், என்ன செய்வது என்று அவருக்கு யாரும் பழக்கவில்லை. நான் சொல்ல வருவதில் முக்கால்வாசி இதுதான். அவரை நான் நேரில் பார்க்கவில்லை. உங்கள் கடிதத்தை வைத்தும், இருபது வருஷமாக இந்தப் பக்கத்துப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசிய பழக்கத்தை வைத்தும் எழுதுகிறேன்.

அவருடைய எட்டு வயதை யோசித்துப் பாருங்கள். 1960-ஐ ஒட்டிய வருஷங்கள். காமராஜர் முதல்வராக இருந்த காலம், 1956-ல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம் ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன நேரத்தில் இவரைப் பேருந்தில் ஏற்றி மதுரைக்குக் கூட்டிவந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கடைப் பையன்களாக இருந்த பெரியவர்கள் என்னிடம் சொன்ன கதைகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். விடியும் முன் கடை வாசல் பெருக்க வேண்டும். பகல் முழுக்கப் பொட்டலம் மடிக்க வேண்டும். ராத்திரி சாக்கு மூட்டைகள் மேலேயே படுத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் என்றால் வெளியே சொல்வதில்லை, சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் யார் இருக்கிறார்கள்?

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அழுதும் பால் வராத பிள்ளை என்ன செய்யும்? கொஞ்ச நாள் இன்னும் ஓங்கி அழும். அப்புறம் சோர்ந்துபோகும். பிறகு ஒருநாள் அழுகையே நின்றுவிடும். பெரியவர்கள் "பிள்ளை தேறிட்டான்" என்பார்கள். இங்கிலாந்தில் ஜான் பவுல்பி என்ற மனநல மருத்துவரும் அவரோடு வேலை பார்த்த ஜேம்ஸ் ராபர்ட்சனும் தாயைப் பிரிந்து மருத்துவமனைகளில் இருந்த குழந்தைகளைக் கவனித்து 1950-களில் எழுதியது இதைத்தான். முதலில் எதிர்ப்பு, அடுத்து துயரம், கடைசியில் ஒட்டாமை. அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் எல்லாரும் தேறிவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள் என்று அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். பசி அப்படியேதான் இருக்கும். கேட்கிற வாய் மட்டும் மூடிக்கொள்ளும்.

உங்கள் அப்பா போனில் சொல்லும் "சரி, வை" அந்த மூடிய வாயில் இருந்து வருவது என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தன்னால் யாருக்கும் தொந்தரவு வந்துவிடக் கூடாது என்று எட்டு வயதில் படித்த பாடத்தை 73 வயதிலும் ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்.

சிறுவயது இவ்வளவு தூரம் வருமா என்று கேட்பீர்கள். வரும். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1938-ல் தொடங்கி, சில நூறு ஆண்களை வாலிபத்தில் இருந்து முதுமைவரை தொடர்ந்து கவனித்துவருகிறது. பாசமான வீட்டில் வளர்ந்தவர்கள் எண்பது வயதை ஒட்டிய காலத்தில் தங்கள் மனைவியிடம் கூடுதல் நெருக்கத்தோடும் நம்பிக்கையோடும் இருந்ததை அதில் கண்டார்கள். அறுபது வருஷ இடைவெளிக்குப் பிறகும் அந்தத் தடம் தெரிகிறது. நம் நாட்டிலும் 2017-18-ல் தொடங்கி 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், அவர்களுடைய கணவன் அல்லது மனைவி என 72,000-க்கும் அதிகமானவர்களை வீடு வீடாகப் போய்ச் சந்தித்த பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. முதுமை பற்றிய அந்தக் கணக்கெடுப்பிலேயே, சின்ன வயதில் உடம்பு எப்படி இருந்தது, குடும்பம் வசதியாக இருந்ததா, ஏழ்மையில் இருந்ததா என்றும் கேட்டார்கள். முதுமையைப் புரிந்துகொள்ள அது தேவை என்பது இன்று ஆராய்ச்சியாளர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் எல்லாவற்றையும் மனதின் மேலேயே போட்டுவிடக் கூடாது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு அது. உங்கள் அப்பாவின் தனிமைக்கு மனதோடு சம்பந்தமே இல்லாத காரணங்களும் அந்தச் சிறுவயதில் இருந்தே கிளம்பி வந்திருக்கின்றன. பள்ளிக்கூடம் நின்றதால் என்னென்ன நின்றது என்று பாருங்கள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார் என்றால், ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் போர்டு பார்த்து ஏறுவதே அவருக்கு ஒரு சங்கடம். யாரையாவது கேட்க வேண்டும். கேட்பதுதான் அவருக்கு வராதே! திருப்பூருக்குப் போகாததில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். புதுப் போனில் பேரனின் முகத்தைப் பார்த்துப் பேசுவது எப்படி என்று கேட்கவும் அதே சங்கடம்தான்.

அப்புறம் கூட்டாளிகள். உங்களோடு படித்தவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று உங்கள் போனில் இருக்கும், நீங்கள் பேசாவிட்டாலும். அவருக்கு வகுப்புத் தோழர் என்று யாரும் கிடையாது. ஊரில் அவர் வயதுக்காரர்கள் கண்மாயில் ஒன்றாக நீந்தி, ஒன்றாக ஆடு மேய்த்து, அடிபட்டுச் சேர்ந்துகொண்டவர்கள். இன்றைக்கும் ஊர் மந்தைத் திடலில் சேர்ந்து உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தான். இவர் இருபத்தெட்டு வயதில் திரும்பி வந்தபோது அந்த வட்டம் ஏற்கெனவே மூடிவிட்டது. பிறந்த ஊரிலேயே அவர் "மதுரையில் இருந்து வந்த கடைக்காரர்". விடிந்ததில் இருந்து ராத்திரிவரை கடை. மற்றவர்கள் டீக்கடையில் உட்காரும் நேரத்தில் இவர் சீனி நிறுத்துக்கொண்டிருப்பார்.

ஒருவர் எவ்வளவு தனித்துப்போயிருக்கிறார் என்று பார்க்க நாங்கள் பயன்படுத்தும் லூபன் அளவுகோலின் சுருக்கத்தில் ஆறு கேள்விகள் உண்டு. உறவினர்களில் எத்தனை பேரை மாதம் ஒருமுறையாவது பார்க்கிறீர்கள் அல்லது பேசுகிறீர்கள், எத்தனை பேரிடம் மனதில் உள்ளதைச் சொல்ல முடியும், எத்தனை பேரை உதவிக்குக் கூப்பிட முடியும். பிறகு இதே மூன்று கேள்விகளை நண்பர்களை வைத்துக் கேட்பார்கள். மொத்த மதிப்பெண் 30, அதில் 12-க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். உங்கள் அப்பாவுக்கு நண்பர்கள் பகுதியில் அம்மா இருந்த காலத்திலேயே அனேகமாகப் பூஜ்யம்தான் வந்திருக்கும். உறவினர் பகுதியில் கிடைத்த எண்ணும் அம்மா சேர்த்துவைத்தது. யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யாருக்கு ஆபரேஷன், யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தவர் அவர்தானே? நம் வீடுகளில் ஆண்களுக்கு உறவு என்பது மனைவி நடத்தும் வரவுசெலவு. அவர் போனதும் அந்த நோட்டு மூடிவிடுகிறது.

இப்போது கொஞ்சம் கஷ்டமான விஷயம். அண்ணனைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அவர் செய்தது பாசத்தால். ஆனால் அம்மா போன சமயத்திலேயே கடையும் போனது உங்கள் அப்பாவுக்கு இரண்டாவது சாவு. மனிதர்கள் அவரிடம் வர இருந்த ஒரே வாசல் கடை. அவர் யாரையும் தேடிப் போகத் தேவையில்லாமல், ஊரே அவரைத் தேடி வந்தது. "ரெஸ்ட் எடுங்க" என்று நாம் பெரியவர்களிடம் சொல்லும்போது, ஓய்வில் அவர்களிடம் யார் வருவார்கள் என்று யோசிப்பதில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் வயதான அம்மாக்களிடம் கேட்டுப் பாருங்கள், கூலிக்கு வந்தது பாதி, நாலு பேரோடு பேச வந்தது பாதி என்பார்கள்.

பந்தி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை ரொம்ப நேரம் நிறுத்திவைத்தது அந்த ஒரு வரிதான். தாயில்லாத பையன், பசியோடு இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறான். பெரியவர்களுக்கு இடம் வேண்டும் என்றோ, அழைக்காமல் வந்தவன் என்றோ யாரோ கையைப் பிடித்து எழுப்பிவிடுகிறார்கள். எழுப்பியவருக்கு அடுத்த நிமிஷம் மறந்திருக்கும். சுற்றி இருந்த அத்தனை பேரும் பார்த்தது அந்தப் பையனுக்கு மறக்காது. நம் ஊரில் பந்தியில் இருந்து எழுப்புவதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. பெரியவர்களுக்கே தாங்காது.

அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்று கவனியுங்கள். விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்தவில்லை. போகிறார், மொய் எழுதுகிறார், கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுகிறார். வாங்கிக்கொள்ள மட்டும் உட்காருவதில்லை. யாரும் இனி தன்னை எழுப்ப முடியாத இடத்தில் நின்றுகொள்கிறார். இதை மற்றவர்கள் தலைக்கனம் என்று நினைத்திருப்பார்கள், சில வீடுகளில் மனவருத்தமும் வந்திருக்கும். அப்படித்தான் மெல்ல மெல்ல ஒரு மனிதர் தனித்துப்போவது நடக்கிறது. அவர் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்வது மற்றவர்களுக்கு ஒதுக்குவதாகத் தெரிகிறது. அவர்களும் ஒதுங்குகிறார்கள்.

அதனால் விசேஷ வீட்டில் நாலு பேர் முன்னால் "உக்காருங்க மாமா, சாப்பிட்டுத்தான் போகணும்" என்று யாரும் கையைப் பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிடித்து எழுப்பிய கையும் பிடித்து உட்காரவைக்கும் கையும் அவருக்கு ஒன்றுதான். அதற்குப் பதிலாக ஊருக்குப் போகும்போது அவருக்கு இலை போடும் நேரத்திலேயே உங்களுக்கும் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அம்மா பரிமாறிக்கொண்டு நின்றிருப்பார், பிள்ளைகள் முன்னாடியே சாப்பிட்டிருப்பீர்கள். வாழ்நாளில் எத்தனை வேளை அவர் இன்னொருவரோடு சேர்ந்து சாப்பிட்டிருப்பார் என்று நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

சரி, நீங்கள் நேராகக் கேட்ட கேள்வி: முதியோர் இல்லத்தில் விட்டுவிடலாமா?

இல்லங்கள் எல்லாம் மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டைவிட அங்கே நிம்மதியாக இருக்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படியுங்கள். சித்தப்பா அவரைக் கடையில் "கொண்டுபோய் விட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் நல்ல இல்லமாகப் பார்த்து "விட்டுவிடலாமா" என்று கேட்கிறீர்கள். அதே சொல். எட்டு வயதில் அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, பையைக் கட்டிக் கொண்டுபோய் விட்டார்கள். இப்போது நீங்களும் அண்ணனும் சேர்ந்து முடிவெடுத்து, வண்டி பிடித்து, நல்ல இடமாகவே இருந்தாலும், கொண்டுபோய் விட்டால் அவர் சண்டை போட மாட்டார். "சரி" என்பார். பையை எடுத்துக்கொண்டு வருவார். அந்தச் "சரி"யைச் சம்மதம் என்று நம்பிவிடாதீர்கள்.

திருப்பூருக்கும் இதே பதில்தான். இப்போதைக்கு அவர் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். பின்னால் இடம் மாறவேண்டி வந்தால், முதலில் நாலு நாள், ஒரு வாரம் என்று போய்வரட்டும். திரும்பிவரும் தேதி அவருக்கு முன்னாலேயே தெரிய வேண்டும், வீட்டுச் சாவி அவர் கையிலேயே இருக்க வேண்டும்.

இனி செய்யவேண்டியவை. மனதை எல்லாம் பிறகு பார்ப்போம், முதலில் காது. டிவி அலறுகிறது, போனில் இரண்டு வார்த்தையோடு முடித்துக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்றே சந்தேகப்படுகிறேன். எதிரில் இருப்பவர் சொல்வது பாதிதான் விழுகிறது என்றால், திரும்பத் திரும்ப "என்ன, என்ன" என்று கேட்க வெட்கப்பட்டு, "சரி" என்று முடித்துவிடுவார்கள். அவரைப் போன்றவர் நிச்சயம் அப்படித்தான் செய்வார். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சில சமயம் காதுக்குள் அடைத்திருக்கும் அழுக்கை எடுத்தாலே பாதி சரியாகும். இல்லையென்றால் கேட்கும் கருவி. மறதி நோயின் அபாயத்தைக் கூட்டுபவற்றில், நம்மால் மாற்ற முடிந்த 14 காரணங்களை 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு பட்டியலிட்டது. சிறுவயதில் படிப்பு குறைந்தது, காது கேளாமை, மனச்சோர்வு, தனித்துப்போவது, நான்கும் அதில் இருக்கின்றன. படிப்பை இனி திருப்பித் தர முடியாது. காதைச் சரிசெய்யலாம்.

கூடவே மனச்சோர்வு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வயதானவர்கள் "வருத்தமாக இருக்கிறது" என்று சொல்வது குறைவு. உடம்பு அசதி, வயிறு சரியில்லை, தூக்கம் இல்லை என்பார்கள். அதிகாலை மூன்று, நாலு மணிக்கே விழித்து அப்புறம் தூங்காமல் இருக்கிறாரா, இடுப்பு வேட்டி தளர்ந்திருக்கிறதா, "நான் இருந்து யாருக்கு என்ன" என்ற மாதிரி ஏதாவது சொன்னாரா, பத்திரத்தையும் நகையையும் எடுத்துப் பிரித்துக் கொடுக்கப் பார்க்கிறாரா? இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், முதியோருக்கான உதவி எண் 14567. வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அடுத்த முறை போகும்போதே எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள். பயமுறுத்த எழுதவில்லை, தோட்டம் துரவு உள்ள எல்லா வீட்டுக்கும் இதைச் சொல்கிறேன். ரத்தசோகை, தைராய்டு, பி12 சத்து இவற்றுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

இனி அந்தத் தராசு. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு தவறு செய்தேன். மனைவியை இழந்த ஒரு பெரியவர், தறி ஓட்டியவர், உங்கள் அப்பாவைப் போலவே வாய் திறக்காதவர். பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசும் கூட்டம் ஒன்றுக்கு அவரை அனுப்பிவைத்தேன். ஒரே ஒரு நாள் போனார். அடுத்த முறை என்னிடமும் வரவில்லை. "உங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். தன்னைப் பற்றி யாரும் எதுவும் கேட்காமலே எழுபது வருஷம் வாழ்ந்தவரிடம் அது என்ன கேள்வி? அதே மனிதரிடம் நூல் அறுந்தால் எப்படி முடிச்சுப் போடுவது என்று கேட்டிருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பார். அது எனக்குப் புரிந்தபோது ரொம்பத் தாமதமாகிவிட்டது.

அதனால் "எப்படிப்பா இருக்கீங்க, ஏன்பா பேச மாட்டேங்கிறீங்க" என்று கேட்காதீர்கள். "புதுப்புளி வந்திருச்சா, இப்ப வாங்கலாமா, பங்குனி கழியட்டுமா?" என்று கேளுங்கள். உங்கள் வீட்டு மாதச் சாமானுக்குப் பட்டியலை அவரிடம் சொல்லி, துவரம்பருப்பில் எது நயம் என்று அவரையே பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். ஊருக்குப் போகும்போது கொட்டை எடுக்காத புளியை வாங்கிப்போய் முற்றத்தில் பரப்பிக்கொண்டு உட்காருங்கள். அவரும் வந்து உட்காருவார். எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் இருங்கள். கை வேலையில் இருக்கும்போதுதான் இப்படிப்பட்டவர்களுக்கு வாய் திறக்கும். திறக்காவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு மணி நேரம் ஒருவர் பக்கத்தில் இருந்ததே அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

பிள்ளைகளை மனக்கணக்குக்கு அவரிடம் விடுங்கள். காகிதம் இல்லாமல் கால், அரை, முக்கால் கணக்குப் போடும் வேகத்தைப் பார்த்து அவர்கள் வாய் பிளப்பார்கள். தாத்தாவை ஒருவர் வியந்து பார்ப்பது என்பது அவருடைய வாழ்க்கையில் அதிகம் நடக்காத ஒன்று. போன் செய்வதாக இருந்தால் தினமும் ஒரே நேரத்தில் செய்யுங்கள், இரண்டு நிமிஷம் போதும். வருகிறேன் என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை எந்தக் காரணத்தைக் கொண்டும் தவறாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் பார்க்க வீடு தேடி வரும் பெண்கள் உங்கள் ஊரில் யார் என்று விசாரித்து, அப்பா வீட்டையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழகிய முகம் ஒன்று குறித்த நாளில் வாசலுக்கு வருவது சின்ன விஷயமில்லை.

கடையைப் பற்றி அண்ணனிடம் பேசுங்கள். பழையபடி முழுநாளும் வேண்டாம். காலையில் மூன்று மணி நேரம், முன் திண்ணையில், பிள்ளைகளுக்குப் பேனா, பென்சில், கடலைமிட்டாய், பெண்களுக்குக் கடுகு, சீரகம், தீப்பெட்டி, கற்பூரம். லாபம் வராவிட்டால் என்ன, மாதம் ஐந்நூறு ஆயிரம் நஷ்டமானாலும் நீங்கள் மூன்று பேரும் பகிர்ந்துகொள்ளலாம். எந்த இல்லத்துக்குக் கட்டும் பணத்தையும்விட அது குறைவு.

அந்த ஆச்சியை மறந்துவிடாதீர்கள். ஹவாய்த் தீவுகளில் காவாய் என்ற இடத்தில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வறுமை, வீட்டில் சண்டை, பெற்றோரின் நோய் என்று பல கஷ்டங்கள் சேர்ந்திருந்த பிள்ளைகளிலேயே மூன்றில் ஒரு பங்குப் பேர் நன்றாகத் தலையெடுத்து, அன்பான பெரியவர்களாக வளர்ந்திருந்தார்கள். அவர்கள் வாழ்க்கையில் பெரும்பாலும் யாரோ ஒருவர், பாட்டியோ அத்தையோ ஆசிரியரோ, அவர்கள்மேல் நிலையான அக்கறையோடு இருந்திருக்கிறார். உங்கள் அப்பாவுக்கு அந்த ஒருவர் முதலாளி வீட்டு ஆச்சியாக இருந்திருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. விசேஷம் என்று இல்லாமல் வேறு எந்த வீட்டுக்கும் போகாதவர் அந்த வீட்டுக்கு மட்டும் ஏன் வருஷம் தவறாமல் போனார்? அவரிடம் அவருடைய அம்மாவைப் பற்றியோ சித்தப்பாவைப் பற்றியோ தோண்டிக் கேட்க வேண்டாம். "அந்த ஆச்சி நல்லா சமைப்பாங்களாப்பா?" என்று மட்டும் ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

இனி உங்களைப் பற்றி. அவருடைய சிறுவயதை நான் இவ்வளவு நேரம் சொன்னது, உங்கள் மனவருத்தம் தப்பு என்பதற்காக இல்லை. அப்பா தூக்கிக் கொஞ்சாத ஒரு பெண்ணாக நீங்களும் வளர்ந்தீர்கள். அதற்குக் காரணம் தெரிந்துவிட்டால் வலி போய்விடாது. அவரை மன்னிக்க வேண்டும், கட்டிப்பிடிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். முடிந்ததைச் செய்யுங்கள், முடியாததற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்களும் இப்படி ஆகிவிடுவீர்களோ என்று பயப்படுகிறீர்கள். உங்கள் அப்பா தன் பயத்தை ஒருநாளும் ஒருவரிடமும் எழுதிக் கேட்டதில்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அங்கேயே அவருடைய பாதையில் இருந்து விலகிவிட்டீர்கள். ஆனாலும் ஒரு வேலை இருக்கிறது. அந்த ஆறு கேள்விகளையும் உங்களுக்கும் போட்டுப் பாருங்கள். உறவு எல்லாம் கணவர் வழியாகவோ பிள்ளைகள் வழியாகவோ மட்டும் இருந்தால், உங்களுக்கென்று ஒரே ஒரு சிநேகிதியை இப்போதே தேடிக்கொள்ளுங்கள். பழைய வகுப்புத் தோழி ஒருத்தி இருப்பாள். வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்புவதோடு நிறுத்தாமல், ஒரு மாலை அவள் வீட்டுக்கே போய்வாருங்கள். வேலை ஏதாவது நடுவில் இருந்தால்தான் உங்களுக்கும் பேச வரும் என்றால், சேர்ந்து கடைக்குப் போங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால், கடையில் இருந்த அந்தத் தராசு இப்போது எங்கே இருக்கிறது என்று அப்பாவிடம் கேளுங்கள். பரணில் இருந்தால் அவரையே எடுத்துத் துடைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று படிக்கற்களை நீங்கள் வாங்கி வையுங்கள்.